வாசலுக்கு வெளியே: கிரேக்க அவல நாடகங்களில் பெண்கள்

கி.மு. 431ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், ஏதென்ஸ் நகரத்துத் திறந்தவெளி அரங்கில், மெடியா என்ற பாத்திரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து நின்று, உயிரும் அறிவும் படைத்த எல்லாவற்றிலும் பெண்களைப் போலத் துயர்ப்பட்டவர்கள் வேறு எவரும் இல்லை என்று ஆயிரக்கணக்கான ஆண்கள் கேட்கப் பேசினாள். அதை அடுத்து வந்த குளிர்காலத்தில், போரில் மாண்ட வீரர்களுக்கு நகரம் எடுத்த ஈமச் சடங்கின்போது பெரிக்கிளிஸ் என்னும் தலைவர் அவர்களுடைய கைம்பெண்களை நோக்கி, புகழ்ச்சியாகவோ பழியாகவோ ஆண்களின் பேச்சில் எவள் பெயர் மிகக் குறைவாக அடிபடுகிறதோ அவளுக்கே பெருமை என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஊர் ஒன்றுதான், கேட்டவர்களில் பலரும் ஒரே ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். பெண்ணின் பெயரைக்கூட வெளியில் சொல்லத் தயங்கிய ஒரு சமூகம், ஆண்டுதோறும் பெண்களை அரங்கின் நடுவில் நிறுத்தி உரக்கப் பேசவைத்தது ஏன் என்பதுதான் கிரேக்க அவல நாடகத்தைப் படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி.

அவல நாடகம் என்றும் துன்பியல் நாடகம் என்றும் தமிழில் சொல்லப்படும் இந்த வடிவம், ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவோடு சேர்ந்து வளர்ந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த அரங்கில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று அவல நாடகங்களையும், அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்குக் கேலி கலந்த ஒரு நாடகத்தையும் அரங்கேற்றுவார்கள். நடுவர்கள் முதலிடம், இரண்டாமிடம் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஈஸ்கிலஸ், சோபோகிளிஸ், யூரிபிடிஸ் ஆகிய மூவரின் பெயரில் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பவை 30-க்குச் சற்று அதிகமான அவல நாடகங்கள் மட்டுமே. அவற்றில் பெண் பாத்திரமே இல்லாத நாடகம் ஒன்றே ஒன்றுதான்: கி.மு. 409இல் சோபோகிளிஸ் அரங்கேற்றிய ஃபிலாக்டெட்டீஸ். பாதிக்கும் மேற்பட்ட நாடகங்களில், பாடியும் ஆடியும் கதையோடு பேசிக்கொண்டே வரும் குழுவும் பெண்களின் குழுவாகவே இருக்கிறது.

அரங்குக்கு வெளியே இருந்த நிலைமை வேறு. ஏதென்ஸ் குடும்பத்துப் பெண்ணுக்கு வாக்கில்லை, மக்கள் சபையில் இடமில்லை; பிறந்தது முதல் இறக்கும்வரை தந்தை, கணவன், மகன் என்று யாராவது ஓர் ஆண் அவளுக்குச் சட்டப்படியான பொறுப்பாளராக இருப்பான். ஒரு மெடிம்னோஸ் அளவு பார்லிக்கு, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் தானியத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை அவள் தன் பெயரில் செய்ய முடியாது. 14, 15 வயதில், தன்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு வயதுடைய ஒருவனுக்குச் சீதனத்தோடு அவளைக் கட்டிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஏழை வீட்டுப் பெண்கள் சந்தையில் ரொட்டியும் காய்கறியும் விற்றார்கள் என்பதால் எல்லாப் பெண்களும் அடைபட்டுக் கிடந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் வசதியுள்ள வீட்டின் இலட்சியம் அதுவாகவே இருந்தது. சமயத் துறையில் மட்டும் பெண்ணுக்குத் தனி இடம் உண்டு. நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவின் தலைமைப் பூசாரி ஒரு பெண். சாவு வீட்டில் உடலைக் கழுவி அலங்கரிப்பதும், ஒப்பாரி வைப்பதும் பெண்களின் உரிமை, கடமையும்கூட. அந்த ஒப்பாரியை அளவோடு வைத்துக்கொள்ளும்படி சோலோன் என்ற சட்ட மேதை முன்பே கட்டுப்பாடு விதித்திருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சோபோகிளிஸின் அன்டிகனி நாடகத்துக்கு வரும்போது அது உதவும்.

இன்னொரு செய்தியை மறந்துவிட்டால் இந்த நாடகங்கள் முழுவதையும் தவறாகப் படித்துவிடுவோம். எழுதியவர்கள் ஆண்கள், பரிசு தந்த நடுவர்கள் ஆண்கள், மேடையில் நின்றவர்களும் ஆண்கள். நம்முடைய பழைய நாடகக் கொட்டகைகளில் ஸ்திரீபார்ட் என்று சொன்னதைப் போல, அங்கே ராணியும் இளவரசியும் தாதியும் முகமூடி அணிந்த ஆண்களே. பேசும் நடிகர்கள் பொதுவாக மூன்று பேர்தான் என்பதால், ஒருவரே முகமூடியை மாற்றிக்கொண்டு ஒரே நாடகத்தில் பெண்ணாகவும் தூதுவனாகவும் வர வேண்டியிருந்தது. பார்வையாளர்களில் பெண்கள் இருந்தார்களா என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. ஆகவே இந்தப் பாத்திரங்களை ஏதென்ஸ் பெண்களின் வாழ்க்கைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்கள் தங்களை உறுத்திய கேள்விகளை, அவற்றைக் கேட்கத் தங்கள் சபையில் இடமில்லாத ஒருத்தியின் வாயில் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இதைப் புரிந்துகொள்ள நான் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லும் வழி எளியது: வாசலைப் பாருங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரங்கின் பின்புறம் ஒரு கட்டடம் எழுந்தது. அதற்கு ஒரு கதவு. பெரும்பாலும் அது அரண்மனையாகவோ வீடாகவோ கொள்ளப்படும். கதவுக்கு உள்ளே நடப்பதைப் பார்வையாளர் காண முடியாது. கொலையும் தற்கொலையும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். அலறல் கேட்கும், அல்லது யாராவது ஓடிவந்து நடந்ததைச் சொல்வார்கள், அல்லது சக்கரம் பொருத்திய ஒரு பலகையில் பிணங்களை வெளியே தள்ளிக்கொண்டு வருவார்கள். உள்ளே இருப்பது பெண்ணின் இடம், வெளியே இருப்பது ஆணின் இடம், நடுவில் ஒரு வாசற்படி. படி தாண்டாப் பத்தினி என்ற தொடரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவல நாடகத்தில் ஒரு பெண் பேச வேண்டுமானால் அவள் அந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நாடகத்தின் பாதி நெருக்கடி அந்த ஓர் அடியிலேயே தொடங்கிவிடுகிறது.

கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய மூன்று தொடர் நாடகங்களில் முதலாவதான அகமெம்னானில் அந்த வாசலின் காவல் முழுவதும் கிளைடெம்னெஸ்ட்ராவின் கையில் இருக்கிறது. அவளுடைய கணவன் அகமெம்னான், டிராய் நகரத்தின்மீது படையெடுத்துப் போகக் காற்று வீச வேண்டும் என்பதற்காக அவர்களுடைய மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தவன். பத்தாண்டுப் போர் முடிந்து அவன் திரும்புகிறான். நாடகம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள், கூரைமீது காவல் இருப்பவன் அவளை ஆணைப்போல் திட்டமிடும் நெஞ்சம் உடையவள் என்று சொல்லிவிடுகிறான். டிராய் வீழ்ந்த செய்தியை மலைக்கு மலை ஏற்றிய தீப்பந்தங்களின் வழியே அவள் ஒரே இரவில் அறிந்துகொள்கிறாள். ஊர் முதியவர்களோ பெண் பேச்சை நம்பலாமா என்று இழுக்கிறார்கள். அவள் விரிவாக எடுத்துச் சொன்ன பிறகு, விவேகமுள்ள ஆணைப்போல் பேசினாய் என்று பாராட்டுகிறார்கள். அவர்களிடம் இருந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

பிறகு அகமெம்னான் தேரில் வந்து இறங்கும்போது, வாசல்வரை செந்நிறத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள். தெய்வங்களுக்குரிய மரியாதை எனக்கு வேண்டாம் என்று அவன் தயங்குகிறான். அவள் சில கேள்விகள் கேட்கிறாள். அவன் காலணியைக் கழற்றிவிட்டு அந்தத் துணியின்மேல் நடந்து உள்ளே போகிறான். டிராய் நகரத்தைப் பத்தாண்டு முற்றுகையிட்டு அழித்தவன் தன் வீட்டு வாசலில் ஒரு சிறு வாக்குவாதத்தில் தோற்றுப்போவது, முழு நாடகத்திலும் என்னை மிகவும் திகைக்கவைக்கும் இடம். உள்ளே குளியல் தொட்டியில் வலை போன்ற ஆடைக்குள் அவனைச் சிக்கவைத்து மூன்று முறை வெட்டியதாக, பிணங்களுக்கு அருகில் நின்றுகொண்டு அவளே விவரிக்கிறாள். ஆனால் அவள் சொல்லியும் உள்ளே போகாத ஒருத்தி உண்டு: டிராயிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட இளவரசி கஸாண்ட்ரா. கிளைடெம்னெஸ்ட்ரா எவ்வளவு அழைத்தும் பதில் பேசாமல் நிற்கும் அவள், ராணி போன பின்பு திடீரெனக் கதறிப் பாடி, வீட்டுக்குள் நடக்கப் போவதையெல்லாம் சொல்லிவிட்டு, தானும் சாகப் போகிறோம் என்று தெரிந்தே, தானாக அந்தப் படியைத் தாண்டி உள்ளே போகிறாள்.

இரண்டாம் நாடகத்தில் மகன் ஓரெஸ்டீஸ் தாயைக் கொல்கிறான். மூன்றாம் நாடகத்தில் அதற்கு வழக்கு. அவனுக்காக வாதாடும் அப்பல்லோ தெய்வம், தாய் என்பவள் பிள்ளையைப் பெற்றவள் அல்ல, விதைத்த விதையைப் பேணுபவள் மட்டுமே என்று வாதம் வைத்து, தாயில்லாமல் தந்தை ஸியூஸின் தலையிலிருந்து பிறந்த அதீனாவையே அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. வாக்குகள் சமமாகின்றன, அதீனாவின் ஆதரவால் அவன் விடுதலை ஆகிறான். இந்த முடிவைக் கொண்டு, ஈஸ்கிலஸ் பெண்ணின் தோல்வியைக் கொண்டாடினார் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு பெண்ணின் கோபத்துக்குப் பதில் சொல்ல ஒரு தெய்வம் இவ்வளவு வளைந்து நெளிந்து வாதாட வேண்டியிருந்தது என்பதும், கொலையுண்ட தாயின் பக்கம் நின்ற பழிவாங்கும் தேவதைகளைக் கெஞ்சிச் சமாதானப்படுத்திய பின்பே நாடகத்தை முடிக்க முடிந்தது என்பதும் அதே பிரதியில்தான் இருக்கின்றன.

சோபோகிளிஸின் அன்டிகனி, கி.மு. 441ஐ ஒட்டி அரங்கேறியதாகக் கருதப்படுவது, இன்னும் எளிமையான கதை. தீப்ஸ் நகரத்தின் இரு இளவரசர்கள் ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். நகரத்தின்மீது படையெடுத்து வந்த பாலினீசஸை எவரும் அடக்கம் செய்யக் கூடாது, மீறினால் மரணம் என்று புதிய அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். சகோதரி அன்டிகனி மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்கிறாள். பிணத்தைப் பேணுவது பெண்ணின் கடமை என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும்: அவள் செய்தது பெண்ணுக்கு விலக்கப்பட்ட வேலை அன்று, பெண்ணுக்கென்றே விதிக்கப்பட்ட வேலை. வீட்டுக் கடமையை ஒருத்தி சரியாகச் செய்ததே அரசத் துரோகமாகிவிடுகிறது. கிளைடெம்னெஸ்ட்ரா ஆணின் இடத்தைக் கைப்பற்றியவள். அன்டிகனியோ தன் இடத்தில் உறுதியாக நின்றவள். அப்படியிருந்தும் கிரியோனுக்கு இருவரும் ஒன்றாகவே தெரிந்திருப்பார்கள். இவளைத் தண்டிக்காமல் விட்டால் நான் ஆணல்லன், இவளே ஆண் என்கிறான். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் ஆளப் போவதில்லை என்கிறான்.

வாசலை இங்கேயும் கவனியுங்கள். நாடகத்தின் தொடக்கத்திலேயே அன்டிகனி தன் தங்கை இஸ்மீனியிடம், நீ மட்டும் கேட்க வேண்டும் என்றுதான் உன்னை முற்றத்து வாயிலுக்கு வெளியே அழைத்து வந்தேன் என்கிறாள். பெண்களாகப் பிறந்துவிட்டோம், ஆண்களோடு மோத நம்மால் ஆகாது என்று தங்கை பின்வாங்குகிறாள். பிடிபட்ட பிறகு இருவரையும் உள்ளே கொண்டுபோகச் சொல்லும் கிரியோன், இனி இவர்கள் பெண்களாக இருக்க வேண்டும், வெளியே திரியக் கூடாது என்று கட்டளையிடுகிறான். குழுவாக நிற்பவர்கள் பெண்கள் அல்லர், தீப்ஸின் முதியவர்கள். அன்டிகனியைச் சுற்றி அவளுக்காகப் பரிந்து பாடும் ஒரு பெண் கூட்டம்கூட இல்லாதபடி சோபோகிளிஸ் அவளைத் தனியாக நிறுத்தியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

அன்டிகனியைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும், எழுதப்படாத தெய்வ நியதிகளை அரசனின் ஆணை வெல்ல முடியாது என்று அவள் சொல்வதை மேற்கோள் காட்டுவார்கள். சாகப் போகும் நேரத்தில் அவள் சொல்லும் வேறொரு வாதத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன். கணவன் போனால் வேறு கணவன் கிடைப்பான், அவனிடமிருந்து வேறு பிள்ளையும் கிடைக்கும். தாயும் தந்தையும் மண்ணுக்குள் போன பிறகு எனக்கு இன்னொரு உடன்பிறப்பு எங்கிருந்து பிறப்பான் என்று கேட்கிறாள். ஜெர்மானியக் கவிஞர் கதேக்கு இந்த வரிகள் பிடிக்கவில்லை. இவை இடைச்செருகல் என்று எவராவது நிறுவிவிட்டால் நல்லது என்று விரும்பினார். ஆனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இந்த வாதத்தை அன்டிகனியின் பேச்சாகக் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு இந்த வரிகள் உறுத்தவில்லை. பொதுக் கொள்கைக்காகச் சாகிறவளாக மட்டும் இல்லாமல், செத்துக் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட அண்ணனுக்காகச் சாகிற தங்கையாகவும் அவள் தெரிவது இங்கேதான். குகைக்குள் உயிரோடு அடைக்கப்படும் அவள் சுருக்கிட்டுக்கொள்கிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கிரியோனின் மகன் ஹீமோன் வாளால் மடிகிறான். செய்தியைக் கேட்கக் கதவைத் திறந்து வரும் அரசி யூரிடிசி, முழு நாடகத்திலும் ஒன்பது வரிகள் மட்டுமே பேசியவள், கேட்டு முடித்து ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இந்த நாடகங்களில் ஒரு பெண் பேசாமல் உள்ளே போனால் அஞ்ச வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன மெடியாவிடம் இப்போது திரும்பலாம். கருங்கடலின் கிழக்குக் கோடியில் உள்ள கொல்கிஸ் நாட்டு இளவரசியான அவள், பொன் ஆட்டுத்தோலைத் தேடி வந்த ஜேசனுக்காகத் தந்தையைத் துறந்து, உடன்பிறந்தவனைக் கொன்று, அவனோடு கிரேக்க நாட்டுக்கு வந்தவள். கொரிந்த் நகரத்தில் ஜேசன் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அந்நாட்டு அரசன் மகளை மணக்கிறான். யூரிபிடிஸ் முதலில் அவளுடைய அழுகுரலை மட்டும் கதவுக்கு உள்ளிருந்து கேட்கவைக்கிறார். பார்வையாளர்கள் ஒரு பைத்தியக்காரியை எதிர்பார்த்திருக்கும்போது, கதவு திறந்து, கொரிந்த் பெண்களே, நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக வீட்டைவிட்டு வெளியே வந்தேன் என்று நிதானமாகத் தொடங்குகிறாள் அவள். பெரும் பொருள் கொடுத்துக் கணவனை வாங்கி, நம் உடலுக்கே அவனை எசமானன் ஆக்குகிறோம். விலகினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். சலித்தால் அவன் வெளியே போவான், நாம் அவன் ஒருவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் போருக்குப் போகிறார்களாம், நாம் வீட்டில் ஆபத்தின்றி வாழ்கிறோமாம். ஒரு முறை பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயம் ஏந்திப் போர்முனையில் நிற்பேன் என்கிறாள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் கூட்டங்களில் இந்தப் பேச்சு வாசிக்கப்பட்டதில் வியப்பில்லை.

ஆனாலும் இதை ஆசிரியரின் கொள்கை விளக்கமாகப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மெடியாவைத் தந்தை சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுக்கவில்லை. அவள் விவரிப்பது ஏதென்ஸ் பெண்ணின் திருமணம், தன்னுடையதை அன்று. எதிரில் நிற்கும் கொரிந்த் பெண்களின் வாயை அடைத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கிறது. அது அவளுக்குக் கைகூடவும் செய்கிறது. ஆறுகள் மலையை நோக்கித் திரும்பி ஓடுகின்றன, பாடும் வரத்தை அப்பல்லோ எங்களுக்குத் தந்திருந்தால் ஆண் குலத்துக்கு எதிராக நாங்களும் ஒரு பாட்டுப் பாடியிருப்போம் என்று அந்தக் குழு பாடுகிறது. பெண் முகமூடி அணிந்த ஆண்கள், ஓர் ஆண் எழுதிய வரிகளில், இதுவரை பாடல்களை எழுதியவர்கள் ஆண்களே என்று குறை சொல்கிறார்கள்! யூரிபிடிஸ் இந்த வேடிக்கையை அறியாமல் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மெடியா நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்பி மணப்பெண்ணையும் அவளுடைய தந்தையையும் கொல்கிறாள்; பிறகு, செய்யப்போவது எவ்வளவு கொடியது என்று தெரிந்தும் என் சீற்றம் என் யோசனையைவிட வலியது என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளையே கொல்ல உள்ளே போகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. பிள்ளைகளின் கூக்குரல் கேட்கிறது. உள்ளே போகலாமா என்று தவிக்கும் பெண்கள் போகவில்லை. ஓடிவரும் ஜேசன் கதவை உடைக்க முயல்கிறான். இதற்குமுன் எத்தனையோ நாடகங்களைப் பார்த்துப் பழகிய கூட்டம், கதவு திறந்து சக்கரப் பலகையில் பிணங்கள் வரும் என்று அங்கேயே கண் பதித்திருக்கும். மெடியாவோ, தன் பாட்டனான சூரியன் தந்த தேரில், பிள்ளைகளின் உடல்களோடு கூரைக்கு மேலே தோன்றுகிறாள். அவளை அடைத்துவைக்க இருந்த வாசல் வழியாக அவள் வெளியேறவே இல்லை. நடுவர்கள் அந்த ஆண்டு யூரிபிடிஸுக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி இடம் தந்தார்கள்.

அவருடைய பெண்கள் அக்காலத்திலேயே சர்ச்சைக்குரியவர்களாக இருந்தார்கள். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 411இல் அரங்கேற்றிய ஒரு நாடகத்தில், எங்கள் குட்டுகளையெல்லாம் வெளியிட்டு எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று ஏதென்ஸ் பெண்கள் கூடி யூரிபிடிஸுக்குத் தண்டனை கொடுக்கத் திட்டமிடுகிறார்கள். அரிஸ்டாட்டிலுக்கு வேறு குறை. பெண்ணும் நல்லவளாக இருக்க முடியும், ஆனால் அவள் தாழ்ந்த வகையினள். அவளை வீரமுடையவளாகவும் சொல்வன்மை மிக்கவளாகவும் காட்டுவது பொருந்தாது என்று தம் கவிதையியல் நூலில் எழுதினார். நூறாண்டுக்கு முன்பே மேடையேறிவிட்ட கிளைடெம்னெஸ்ட்ராவையும் மெடியாவையும் இந்த விதிக்குள் அடக்க முடியாது. யூரிபிடிஸைப் பெண் வெறுப்பாளர் என்று சிலரும் பெண்ணுரிமையாளர் என்று சிலரும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். இரண்டுமே அவருக்குப் பிற்காலத்துச் சட்டையை மாட்டிவிடும் முயற்சிகள் என்பது என் எண்ணம்.

கதவே இல்லாத ஒரு நாடகத்தையும் அவர் எழுதினார். கி.மு. 416–415 குளிர்காலத்தில் ஏதென்ஸ் படை மீலோஸ் என்ற சிறு தீவைப் பணியவைத்து, பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அதை அடுத்து வந்த இளவேனிற் காலத்தில் டிராய் நகரத்துப் பெண்கள் என்ற நாடகம் அரங்கேறியது. பின்னால் எரிந்து விழப்போகும் நகரம், முன்னால் கைதிகளின் கூடாரங்கள்; யாருடைய வீட்டு வாசலும் இல்லை, காவலுக்கு நின்ற கணவர்களும் இல்லை. கிழட்டு ராணி ஹெக்குபாவின் முன்னால் கொண்டுவரப்படும் மருமகள் ஆண்ட்ரோமகி, தன் வாழ்க்கையை எண்ணிப் பேசுகிறாள். வெளியே போனால் பழி வரும் என்று ஆசையை அடக்கி வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மற்றப் பெண்களின் ஊர்ப்பேச்சை உள்ளே விடவில்லை. கணவன் முன்னால் நாவை அடக்கி, பார்வையில் அமைதி காத்தேன். எதில் நான் வெல்ல வேண்டும், எதில் அவர் வெல்ல விட வேண்டும் என்று அறிந்திருந்தேன் என்கிறாள். பெரிக்கிளிஸ் கைம்பெண்களுக்குச் சொன்ன அறிவுரையை வரிக்கு வரி கடைப்பிடித்தவள் இவள். அந்த நற்பெயர் எதிரிகளின் பாசறைவரை பரவி, அதைக் கேட்டே கிரேக்க வீரன் அக்கிலீஸின் மகன் தனக்கு அடிமையாக இவள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினானாம். கொன்றவர்களின் வீட்டில் நான் அடிமையாக இருப்பேன் என்று அவள் சொல்லி முடித்துச் சற்று நேரத்தில், அவளுடைய கைக்குழந்தையை நகரத்து மதிலிலிருந்து கீழே எறிய முடிவாகிவிட்ட செய்தியோடு கிரேக்கத் தூதுவன் வருகிறான்.